கேட்டுக்கொண்டிருந்தவள்

நர்ஸ் வேலைக்கு வந்தவளுக்கு அருவருப்பு இருக்கக் கூடாது என்பார்கள். எனக்கு இருந்தது. மலம், சீழ், வாந்தி எல்லாவற்றோடும் இரண்டு மூன்று வருஷத்தில் சமாதானமாகிவிட்டேன். சளியோடு மட்டும் முடியவில்லை. மிஷினில் மூச்சு விடுகிற நோயாளியின் தொண்டைக் குழாய்க்குள் மெல்லிய ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சும்போது, அது கண்ணாடி ஜாடிக்குள் வந்து விழுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்ட அன்று மதியம் எனக்குத் தயிர்சாதம் இறங்காது. கூட வேலை பார்த்தவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மாடியில் மூன்று கட்டில் போட்ட ஓர் அறைதான் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவு. ஒரே ஒரு வென்டிலேட்டர். கண்ணாடிக் கூட்டுக்குள் கறுப்பு ரப்பர் துருத்தி ஒன்று புஸ் புஸ்ஸென்று ஏறி இறங்கும். கையுறைகளைக் கழுவி, பவுடர் போட்டு, கொடியில் காயப்போட்டு மறுபடியும் மாட்டிக்கொண்ட காலம் அது.

ஒரு ஐப்பசி மாதக் காலையில் அவளைக் கொண்டுவந்தார்கள். வயது இருபத்து நாலு. கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி இரண்டு வருஷம், குழந்தை இல்லை. கணவர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். அவரும் கார் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காரின் பின் சீட்டில் உரச்சாக்கைப் பிரித்து விரித்துத்தான் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். மாமியார் அந்தக் காரில் வரவில்லை. இடம் இருந்தும் பின்னாலேயே பஸ் பிடித்து வந்தாள். ஏனென்று முதலில் எனக்குப் புரியவில்லை.

அவளுடைய உதடு நீலம் பாய்ந்திருந்தது. இமை இரண்டும் மூடிக் கிடந்தன. வாயோரம் எச்சில் நூலாக வழிந்தது. மயக்க மருந்து டாக்டர் அப்போதுதான் ஒரு ஆபரேஷனை முடித்துவிட்டு ஸ்கூட்டரை எடுக்கப் போனவர், சத்தம் கேட்டு ஓடிவந்தார். இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். பாதத்திலிருந்து முழங்கால்வரை தடவித் தேடினார். கணுக்காலுக்கு மேலே கொசு கடித்த மாதிரி இரண்டு புள்ளி.

"கட்டுவிரியன்" என்றார். "குழாயை எடு."

தொண்டைக்குள் குழாய் போய் மிஷின் மூச்சுவிடத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. விஷமுறிவு மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. அவளைச் சுத்தம் செய்வதற்காக நானும் ஆயாவும் சேலையை அவிழ்த்தோம். மாதவிலக்கு. இரண்டு நாள் ரத்தம், மூத்திரம், வாந்தி எல்லாம் சேர்ந்து சேலை விறைத்துப்போயிருந்தது. எனக்குக் குமட்டியது.

"இது வேறயா" என்றேன் ஆயாவிடம். "நாத்தம் குடலைப் புடுங்குது. இதைக் கொண்டு போயிக் குப்பையில போடுங்க. இவளுக்கு இனிமே சேலை எதுக்கு?"

அவள் தலைமாட்டில் நின்று, சத்தமாகத்தான் சொன்னேன். கண்மணி இரண்டும் விரிந்து, வெளிச்சம் பட்டும் சுருங்காமல் இருந்தன. செத்துப்போனவள், மிஷின் நின்றதும் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்ததை மாமியார் அன்று மதியம் தானாகவே சொன்னாள். ஒளிவு மறைவு எதுவும் இல்லை. சொல்வதில் தப்பு இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

"வீட்டுக்குத் தூரம்லா. தொழுவத்தை ஒட்டி ஒரு சாய்ப்பு உண்டு, அங்கனதான் படுப்பா. பாயி குடுத்திருக்கு, தலகாணி குடுத்திருக்கு. வயித்தை வலிக்கு வலிக்குன்னு கூப்பிட்டா. தூர நாள்ல வலிக்கத்தான் செய்யும், விடியட்டும்னேன். உள்ள போனா நான் திரும்பக் குளிக்கணும், மழை வேற."

விடிந்து பால் கறக்க வந்த பெண்தான் பார்த்திருக்கிறாள். மருமகள் கண்ணைத் திறக்க முடியாமல், பேச்சுக் குழறி, வாந்தியில் கிடந்திருக்கிறாள்.

இதைச் சொல்லும்போது மாமியார் அறை வாசலில்தான் நின்றாள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். அந்த ஐந்து நாளில் அவள் அந்த வாசற்படியைத் தாண்டவே இல்லை.

மறுநாள் டாக்டர் கட்டிலில் கிடந்தவளின் காதருகே குனிந்தார். எனக்கு வேடிக்கையாக இருந்தது.

"தாயி, நான் டாக்டர் பேசுதேன். உன்னைப் பாம்பு கடிச்சிருக்கு. கை காலு அசையல, கண்ணு தொறக்கல, அவ்வளவுதான். மூச்சை மிஷின் பாத்துக்கிடும். நாலஞ்சு நாள்ல எல்லாம் திரும்பி வந்திரும். பயப்படாத."

அவளுடைய மூடிய இமையோரத்திலிருந்து கண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது.

டாக்டர் என்னைப் பார்த்தார். "இந்த விஷம் சதையைத்தான் கட்டும், மூளையைத் தொடாது. நாம பேசுதது அத்தனையும் கேக்கும். பாத்துப் பேசணும் சிஸ்டர்."

நான் தலையாட்டினேன். நேற்று நான் சொன்னதும் கேட்டிருக்குமா என்று அவரிடம் கேட்க வாய் வரவில்லை. நேற்று அவ்வளவு நினைவு இருந்திருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து அவளுக்கு நான் செய்ததெல்லாம் சுத்தமாக இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கொரு முறை திருப்பிப் போட்டேன். துணி மாற்றினேன். கண்ணுக்கு மருந்து விட்டு ஈரப் பஞ்சு வைத்தேன். உறிஞ்சும்போது முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பழகினேன். ஆனால் எதுவும் பேசவில்லை. என் குரலை அவள் கேட்க வேண்டாம் என்றிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர், "கேக்குதுன்னா வலது கால் பெருவிரலை அசை" என்றார். பெருவிரல் கொஞ்சமாக, ஒரு எறும்பு தள்ளினமாதிரி அசைந்தது. அவர் சிரித்தார். "ஆமான்னா அசை, இல்லைன்னா சும்மா இரு. இனிமே இதுதான் நமக்குப் பேச்சு."

அன்று பார்வை நேரத்தில் நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை சகித்துக்கொள்ள முடியவில்லை.

வாத்தியார் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மாமியார் வழக்கம்போல வாசலில். நான் தலைமாட்டில் உறிஞ்சும் குழாயோடு இருந்தேன். மாமியார் மகனிடம் சொன்னாள்:

"ஏய்யா, மிஷினுதானே மூச்சு விடுது, இவளா விடுதா? கண்ணும் தொறக்கல. எத்தனை நாளைக்கு இங்கன காத்துக் கெடக்க? குழாயை எடுத்திரச் சொல்லு. கொண்டு போயிருவோம்."

"பொழைச்சிருவான்னு டாக்டர் சொல்லுதாரும்மா."

"பொழைச்சு? ரெண்டு வருசமா வயித்துல ஒண்ணும் தங்கல. இனி விசம் ஏறின ஒடம்பு வேற. ஆழ்வார்திருநகரியில நம்ம மாமா வழியில ஒரு பிள்ளை இருக்கு. நல்ல நெறம். டீச்சர் டிரெயினிங் முடிச்சிருக்கா. தை பொறந்ததும் ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்திருவோம்."

"இப்ப எதுக்கும்மா அது?"

"பின்ன எப்பப் பேசுதது? ஒரு வார்த்தை சொல்லி வச்சா என்ன கொறைஞ்சு போகுது?"

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, பாப்போம்" என்றார்.

போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவளுடைய வலது கால் பெருவிரல் அசைந்தது. யாரும் அசைக்கச் சொல்லவில்லை. அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. விடாமல் அசைந்துகொண்டே இருந்தது. வாத்தியாரின் கைக்கும் அந்த விரலுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

"சார், அவங்களுக்குக் கேக்குது" என்றேன். "விரலைப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். பிறகு வகுப்பில் பேசுகிற குரலில் எனக்கு விளக்கம் சொன்னார். "அது தானா துடிக்கது சிஸ்டர். அனிச்சைச் செயல். செத்த தவளையோட காலுகூட கரண்ட் பட்டா உதறும். பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கேன்."

அப்போது உறிஞ்சும் குழாயில் பழுப்பும் மஞ்சளுமாக ஒரு கட்டி வந்து ஜாடியில் விழுந்தது. வாத்தியார் "சே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வாந்தி வரும்போல இருந்தது, அந்த ஆளின் சலவைச் சட்டையையும் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவையும் பார்த்து. "பார்வை நேரம் முடிஞ்சிட்டு, ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றேன். இன்னும் கால் மணி நேரம் மிச்சம் இருந்தது.

மாமியார் அதோடு விடவில்லை. மாடிப்படியில் டாக்டரை மறித்து, குழாயை எடுத்துவிடும்படி கேட்டாள். டாக்டர் செருப்பைப் போட்டுக்கொண்டே பதில் சொன்னார்.

"எடுக்கத்தான் போறேன். ஆனா எப்பன்னு அவ சொல்லுவா. நீங்க சொல்லக் கூடாது."

"அவ எங்கன சொல்ல?"

"சொல்லுவா."

குழாயை எப்போது எடுப்பது என்பதில் அவர் பிடிவாதக்காரர். அதன் காரணம் எனக்கும் தெரியும். அதற்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் இதேபோலக் கட்டுவிரியன் கடித்த ஒரு விவசாயி கண்ணைத் திறந்துவிட்டான், கையை அசைத்துவிட்டான் என்று வீட்டாருக்கு ஒரே சந்தோஷம். அவசரப்பட்டுக் குழாயை எடுத்துவிட்டார்கள். அவனால் எச்சிலை விழுங்க முடியவில்லை. இரும முடியவில்லை. அரை மணி நேரத்தில் தன் எச்சிலிலேயே மூழ்கினான். வீங்கிய தொண்டையில் மறுபடி குழாயை விடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான்தான் அவன் வாயைத் துடைத்தேன்.

நாலாம் நாள் அவளுக்கு இமை பாதி திறந்தது. என் விரலைப் பிடித்தாள், ஆனால் பிடியில் பலமில்லை. "பத்தாது" என்றார் டாக்டர். தலையைத் தூக்கச் சொன்னார். தலையணையில் கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது, தலை எழும்பவில்லை. "இன்னும் பத்தாது. நாளைக்குப் பாப்போம் தாயி." 'பாப்போம்' என்ற அந்த வார்த்தையைக் கேட்டு அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவருக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்துவந்த பாலையும் கஞ்சியையும் நிறுத்தினோம். வயிற்றில் மிச்சம் இருந்ததை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்தேன். புளித்த நாற்றம். டாக்டர் மிஷினைக் கழற்றிவிட்டு, தொண்டைக் குழாயோடு ஆக்ஸிஜனை மட்டும் இணைத்தார். இனி மூச்சு அவளுடையது. துருத்தி நின்றதும் அறையில் அப்படி ஒரு நிசப்தம். ஒரு மணி நேரத்துக்குமேல் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எண்ணினேன். மூச்சு திணறவில்லை, நாடி தாறுமாறாக ஓடவில்லை, உதடு நிறம் மாறவில்லை.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். "தலையைத் தூக்கு. நான் அஞ்சு எண்ணுத வரைக்கும் கீழ போடக் கூடாது."

அவள் தூக்கினாள். அவர் வேண்டுமென்றே பைய எண்ணினார். ஐந்து சொன்ன பிறகும் அவள் தலையைப் போடவில்லை. ஏழு, எட்டு என்று போனது. கழுத்து நடுங்கியது. "போதும் தாயி, போதும்" என்று அவரே நெற்றியைப் பிடித்து இறக்கினார். என் கையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். மணிக்கட்டில் அவள் நகம் பதிந்தது.

அவசரத்துக்குத் திரும்பப் போடவேண்டி வந்தால் என்று ஒரு அளவு சின்னக் குழாய், தொண்டையைப் பார்க்கிற கருவி, மூச்சுப் பை எல்லாவற்றையும் தட்டில் எடுத்து வைத்தேன். கருவியின் பல்பு எரிகிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். தலைமாட்டில் தலையணைகளை அடுக்கி அவளை நிமிர்த்தி உட்காரவைத்தோம். டாக்டர் ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் அவளிடம் சொன்னார்.

"முதல்ல வாயை உறிஞ்சுவாங்க. பெறகு குழாய்க்குள்ள. இருமல் வரும், நல்லா இருமு. தொண்டைக்குள்ள ஒரு சின்னப் பலூன் இருக்கு, அதுல உள்ள காத்தை நான் எடுத்திருவேன். பெறகு நல்லா இழுத்து மூச்சு வாங்கணும். அப்பத்தான் உருவுவேன்."

வாயை உறிஞ்சினேன். ஐந்து நாள் எச்சில் நாக்கில் வெள்ளையாகப் படிந்து, அழுகின வாழைப்பழ வாடை அடித்தது. வேறு குழாய் மாற்றி உள்ளே விட்டேன். கெட்டியாக, ரத்த இழை ஓடிய மஞ்சள் கட்டி வந்தது. அவள் உடம்பு தூக்கிப்போட இருமினாள். டாக்டருக்கு அந்த இருமல் பிடித்திருந்தது. "அப்படித்தான்!" என்றார். கன்னத்துப் பிளாஸ்டரை உரித்தேன். அவர் ஊசிக்குழலால் பலூன் காற்றை இழுத்தார்.

"மூச்சை இழு. இன்னும். இன்னும்."

உருவினார். குழாய் வளைந்து, பளபளவென்று வழிந்தபடி வெளியே வந்தது. அதன் பின்னாலேயே அவள் ஒரு இருமல் இருமினாள். ஒரு கட்டி பறந்து வந்து என் கன்னத்திலும் கழுத்திலும் அப்பியது. வெதுவெதுவென்று இருந்தது. அருவருப்பு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் துடைக்க என்னிடம் கை இல்லை. ஒரு கையால் அவள் வாயை உறிஞ்சிக்கொண்டு, இன்னொரு கையால் ஆக்ஸிஜன் முகமூடியைப் பிடித்திருந்தேன். அது அப்படியே கழுத்தில் காய்ந்தது.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை அவள் தொண்டையில் வைத்துக் கேட்டார். தொண்டை வீங்கினால் விசில் அடிக்கிற மாதிரி சத்தம் வரும். வரவில்லை. "உன் பேரைச் சொல்லு தாயி."

கரகரவென்று, தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி, அவள் தன் பெயரைச் சொன்னாள். அடுத்து, "தண்ணி."

"இப்ப கிடையாது. சாயங்காலம் தாறோம்." ஈரப் பஞ்சால் உதட்டை ஒற்றினேன். அவள் அந்தப் பஞ்சைப் பல்லால் கடித்து உறிஞ்சினாள்.

மதியம் வாத்தியாரை உள்ளே விட்டோம். அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அவர் தலை தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் வந்து கால்மாட்டில் நின்றார்.

"கண்ணு இன்னும் தொறக்கலையா சிஸ்டர்?"

"இம்புட்டு நேரமும் தொறந்துதான் இருந்தாங்க" என்றேன்.

வாசலிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "நாள் கணக்கு முடிஞ்சிட்டுல்லா? தலைக்கு ஊத்திட்டீங்களா? முழுக்குப் போடாம வீட்டுக்குள்ள விட முடியாது பாத்துக்கிடுங்க."

அடுத்த நாள் காலையில் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். நான் பேசாமல்தான் ஊட்டினேன். இரண்டு கரண்டி குடித்த பிறகு அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நாங்குநேரியில எங்க அண்ணன் இருக்காவ. ரோட்டு மேல சைக்கிள் கடை. பக்கத்துக் கடையில போன் உண்டு. எனக்காக ஒரு போன் பண்ணுவீங்களா?"

"பண்ணுதேன்" என்றேன். நானாக அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவள் கரண்டியைக் கையால் தடுத்தாள். "நீங்கதானா? சேலை எதுக்குன்னு சொன்னது?"

மறுக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆயாவின் மேல் பழியைப் போடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. வாசலில் நின்று மூக்கைப் பொத்தியவளையும் தவளைக் காலைப் பற்றிப் பேசியவரையும் அவ்வளவு வெறுத்தேனே, அவர்களுக்கு முன்னால் அவள் தலைமாட்டில் நின்று பேசியவள் நான்.

"ஆமா, நான்தான்" என்றேன். "தப்புத்தான். மன்னிச்சிருங்க."

"எல்லாரும் சொன்னது கேட்டுது" என்றாள் அவள். "மொதல்ல கேட்டது நீங்க சொன்னதுதான்."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சீப்பு இருக்கா?" என்று கேட்டாள். அவள் தலைமுடி ஐந்து நாள் வியர்வையில் சிக்குப் பிடித்து ஒரே கட்டையாக இருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து சிக்கெடுத்தேன். வலித்திருக்கும்.

அன்று சாயங்காலமே அண்ணன் வந்தார். கிரீஸ் படிந்த கை, அழுதுவிடாமல் இருக்க இறுக்கிய வாய். நேராகக் கட்டிலுக்குப் போய்த் தங்கையின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு வீட்டு மனிதர் ஒருவர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. மூன்று நாள் கழித்து டிஸ்சார்ஜ் ஆனபோது அவள் அண்ணனோடுதான் போனாள். "ஊரு என்ன சொல்லும்?" என்று மாமியார் படிக்கட்டில் கூப்பாடு போட்டாள். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

ஒரு மாதம் இருக்கும். வாத்தியார் தனியாக டாக்டரைப் பார்க்க வந்தார். நான் அறையில் இருந்தேன். அவர் சுற்றிவளைத்துப் பேசினார். அவள் திரும்ப வர மறுக்கிறாளாம். என்னென்னமோ பேசுகிறாளாம், யாரும் பேசாததைப் பேசியதாகச் சொல்கிறாளாம்.

"விசத்துல மூளை கொஞ்சம் பாதிச்சிருக்கும்னு நெனைக்கோம் டாக்டர். அப்படி ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா, பெரியவங்க பேசி முடிக்கதுக்கு உதவியா இருக்கும்."

டாக்டர் லெட்டர் பேடை இழுத்து எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினார். வாத்தியார் படித்தார். அவருடைய காது சிவந்தது. மறுபடி படித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நோயாளி எங்கள் கவனிப்பில் இருந்த நாளெல்லாம் முழு நினைவோடு இருந்தார் என்பது முதல் வரி. சுற்றி நின்றவர்கள் பேசியது அனைத்தும் அவருக்குக் கேட்டது என்பது இரண்டாவது. அறிவிலும் மனநிலையிலும் எந்தக் குறையும் இல்லை என்பது மூன்றாவது.

"இதுல அந்த ரெண்டாவது வரி வேண்டாமே டாக்டர்" என்றார் வாத்தியார்.

இவ்வளவு நடந்த பிறகும், கேட்டது உண்மையா என்று அந்த மனிதர் கேட்கவில்லை. அவளுக்கு என்ன வலித்திருக்கும் என்று கேட்கவில்லை. வரியை மட்டும் எடுக்கச் சொன்னார். எனக்குத் தொண்டைவரை வந்தது. ஜாடியைக் கழுவும்போதுகூட அப்படி வந்ததில்லை.

"எழுதினது எழுதினதுதான் சார்" என்று டாக்டர் எழுந்துகொண்டார். "எனக்கு ஆபரேஷன் இருக்கு."

வாத்தியார் காகிதத்தை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

டாக்டர் அதை நாங்குநேரிக்குத் தபாலில் அனுப்பச் சொன்னார். நான்தான் கவரில் போட்டு ஒட்டினேன். பங்குனி மாதம் அண்ணன் வேறு யாரையோ காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, கடிதம் வந்து சேர்ந்ததாகவும், அதை அவள் சட்டம் போட்டு வைக்கச் சொன்னதாகவும், தான்தான் கூச்சப்பட்டுப் பெட்டிக்குள் வைத்திருப்பதாகவும் சொன்னார். ஊர்ப் பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாளாம். குரல் மட்டும் பழையபடி முழுசாகத் திரும்பவில்லையாம்.

என்னைப் பற்றி அவள் ஏதாவது சொன்னாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.